நீதிபதியின் சுதந்திரம் யாருடைய சொத்து?

(பல்லாவரத்தில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



நீதிபதிகளின் பொறுப்புடைமை, குடிமக்களின் சட்ட உரிமை ஆகிய இரண்டையும் ஒருசேர எடுத்துப் பேசுமாறு இவ்வறக்கட்டளையினர் என்னைப் பணித்தார்கள். இவ்விரண்டும் தனித்தனி விஷயங்கள் என்று கருதி இரண்டு பகுதிகளாகப் பேசிச் செல்வது எளிது. ஆனால் ஒன்றை விட்டு மற்றொன்று நில்லாது என்பதே என் சித்தாந்தம் ஆகையால், அதனை நிறுவுவதையே இன்றைய சொற்பொழிவின் நோக்கமாகக் கொண்டேன்.

இவ்வூர்க் குன்றில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகை இன்றும் இருக்கிறது. அவனுடைய விருதுப் பெயர்கள் பொறிக்கப்பெற்ற அவ்விடம் இப்போது தர்காவாக விளங்குகிறது. அந்தப் பல்லவ மன்னன் ஏழாம் நூற்றாண்டில் வடமொழியில் இயற்றிய ‘மத்தவிலாசப் பிரகசனம்’ என்னும் நகைச்சுவை நாடகத்தில், தன் கபாலத்தைப் பறிகொடுத்த காபாலிகன் ஒருவனுக்கும் புத்தபிக்ஷு ஒருவனுக்கும் காஞ்சி வீதியில் வழக்கு மூளுகிறது. இதனை நாம் தீர்க்க இயலாது, நியாயஸ்தலத்துக்குப் போவோம் என்று மூன்றாமவன் ஒருவன் சொன்னவுடன், காபாலிகனுடைய துணைவி தேவசோமா, அப்படியானால் கபாலத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட வேண்டியதுதான் என்கிறாள். பல விஹாரங்களின் செல்வத்தைக் கையில் வைத்திருப்பவன் நியாயஸ்தலத்து அதிகாரிகளின் வாயை நிரப்பிவிடுவான், ஏழைகளாகிய எங்களிடம் என்ன இருக்கிறது என்பது அவள் சொல்லும் காரணம். நியாய பரிபாலனத்துக்குத் தானே தலைவனாயிருந்த ஓர் அரசன், தன் தலைநகரத்து நியாயஸ்தலத்தைப் பற்றி ஓர் ஏழைப் பெண் கொண்டிருந்த அவநம்பிக்கையைத் தன் கையாலேயே எழுதி வைத்தான் என்பது நாம் ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. ஏனெனில் தேவசோமா வழக்கில் தோற்கவில்லை. வழக்குக்குப் போகவே இல்லை. நீதிமன்றத்தின்மேல் நம்பிக்கை இழந்த குடிமகன், சட்டப் புத்தகத்தில் எத்தனை உரிமைகள் எழுதப்பட்டிருந்தாலும், அவற்றுள் ஒன்றேனும் உடையவன் ஆகமாட்டான்.

இந்தத் தொண்டை நாட்டிலேயே, இங்கிருந்து நெடுந்தொலைவில் இல்லாத உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுக்கள் வேறொரு பாடத்தைப் போதிக்கின்றன. வாரியங்களுக்குக் குடவோலையால் ஆள் தேர்ந்த அவ்வூர்ச் சபையார், முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதிருந்தவனும் அவனுடைய நெருங்கிய உறவினரும் குடவோலைக்குப் பெயர் எழுதப்படத் தகுதியற்றவர் என்று விதித்தார்கள். பொதுப்பணியை ஏற்றவன் எத்தனை பெரியவனாயினும், ஒப்படைத்தவர்களுக்குக் கணக்குக் கூறியே ஆக வேண்டும் என்ற தர்மம், ஆங்கிலேயர் வந்து நமக்குக் கற்பித்ததன்று.

சுதந்திரமும் கணக்கும்

பொறுப்புடைமை என்று பேசத் தொடங்கியவுடனே, அது நீதித்துறையின் சுதந்திரத்துக்கு ஊறு செய்யும் என்ற அச்சம் எழுகின்றது. அவ்வச்சம் அற்பமானதன்று. இங்கிலாந்தில் பதினேழாம் நூற்றாண்டில், அரசன் விரும்பும் வரையிலேயே பதவியில் இருக்கலாம் என்ற நிலையில் நீதிபதிகள் வைக்கப்பட்டிருந்ததால், அரசனுக்கு விரோதமாய்த் தீர்ப்பளித்தவர் பதவி இழந்தனர். அந்த அனுபவத்தின் பயனாகவே 1701-ஆம் ஆண்டுச் சட்டம், நன்னடத்தை உள்ளவரை நீதிபதி பதவியில் இருப்பார் என்றும், பார்லிமெண்டின் இரு சபைகளும் வேண்டினால் அன்றி அவரை நீக்க இயலாது என்றும் செய்தது. நம் நாட்டிலும், நெருக்கடி நிலையின்போது, 1976-இல், காவலில் வைக்கப்பட்டவன் தன் உயிருக்காகவும் விடுதலைக்காகவும் நீதிமன்றத்தை அணுக முடியுமா என்ற வினா உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தபொழுது, ஐவருள் நால்வர் முடியாது என்றுரைக்க, எச்.ஆர். கன்னா ஒருவரே முடியும் என்று எழுதினார். அடுத்த ஆண்டு ஜனவரியில், தலைமை நீதிபதிப் பதவி முறைப்படி அவருக்கு வரவேண்டியிருந்தும், அவருக்கு இளையவர் அதில் அமர்த்தப்பட்டார். ஆகவே அரசாங்கத்தின் கைக்கு எட்டாத இடத்தில் நீதிபதி இருக்க வேண்டுவது இன்றியமையாதது.

ஆனால் அந்தச் சுதந்திரம் எவருடைய நன்மைக்காக அளிக்கப்பட்டது என்று கேட்க வேண்டும். இந்த அறக்கட்டளையையே எடுத்துக்கொள்வோம். இதன் நிதியை நிர்வகிக்கும் தர்மகர்த்தாக்களின் காரியத்தில் வழிப்போக்கர் எவரும் தலையிட முடியாது. எனினும் அந்த நிதி தர்மகர்த்தாவின் சொந்தச் சொத்து ஆகிவிடுவதில்லை. எவருடைய நன்மைக்கென்று அது எழுதி வைக்கப்பட்டதோ அவர்களுக்கு அவர் கணக்குக் கூறக் கடமைப்பட்டவர். நீதிபதியின் சுதந்திரமும் இத்தகையதே. அச்சமின்றித் தம் வழக்கை விசாரிக்கும் ஒருவர் முன் நிற்கும் உரிமை குடிமக்களுக்கு உண்டு. அந்த உரிமையைக் காப்பதற்காகவே நீதிபதிக்குப் பதவிப் பாதுகாப்பு தரப்பட்டிருக்கிறது. சொத்து குடிமக்களுடையது; நீதிபதி அதன் பாதுகாவலர். இவ்வுண்மையை ஏற்றால், சுதந்திரத்துக்கும் பொறுப்புடைமைக்கும் பகை ஏதும் இல்லை என்பது தானே விளங்கும்.

சென்னை உயர் நீதிமன்றம் தந்த பாடங்கள்

இப்பொருளின் வரலாற்றில் நம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு விசேஷமான இடம் இருக்கிறது; அது பெருமைக்குரிய இடம் மட்டுமன்று. அந்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாயிருந்த எஸ். ராமச்சந்திர ஐயருடைய பிறந்த தேதி பதிவேட்டில் உள்ளபடி இல்லை என்றும், அதனால் அவர் ஓய்வு பெற வேண்டிய நாளைக் கடந்து பதவியில் இருக்கிறார் என்றும், வழக்கறிஞர் ஜி. வசந்த பை நீதிமன்றத்தையே அணுகினார். 1964-இல் தலைமை நீதிபதி பதவி விலகினார். அதிகாரம் ஏதுமில்லாத ஒரு தனிமனிதர், ஓர் ஆவணத்தைக் கையில் கொண்டு, மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிபதியை நோக்கி வினா எழுப்ப முடிந்தது என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்ள வேண்டும்.

பிற்காலத்தில் அதே பதவியில் இருந்த கே. வீராசாமியின்மீது, வருமானத்துக்கு மிஞ்சிய சொத்துச் சேர்த்ததாக 1976-இல் மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குப் பதிந்தது. குற்றச்சாட்டின் மெய்ம்மையோ பொய்ம்மையோ இன்று நமக்கு விஷயமன்று. ஊழல் தடுப்புச் சட்டம் சொல்லும் பொது ஊழியர் என்ற வகையில் உயர் நீதிமன்ற நீதிபதி அடங்குவாரா என்ற பூர்வாங்க வினாவுக்கு, அடங்குவார் என்ற இறுதி விடை உச்ச நீதிமன்றத்திலிருந்து வர 1991 வரை பதினைந்து ஆண்டுகள் சென்றன என்பதே நாம் கவனிக்க வேண்டியது. அந்தத் தீர்ப்பும், இந்தியத் தலைமை நீதிபதியைக் கலந்துகொள்ளாமல் உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்ற நீதிபதி எவர்மீதும் அத்தகைய வழக்குப் பதியலாகாது என்று ஒரு வேலியை அமைத்தது. வேலி நியாயமானதே, ஆனால் அந்த வேலிக்கு உள்ளே என்ன நடந்தது என்பதைக் குடிமகன் அறிவதற்கு வழி ஏதும் வகுக்கப்படவில்லை.

மூன்றாவது பாடம் பாராளுமன்றத்தில் கிடைத்தது. உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்ற நீதிபதிகளை, நிரூபிக்கப்பட்ட தவறான நடத்தைக்காகவோ திறமையின்மைக்காகவோ மட்டுமே நீக்கலாம். அதற்கு மக்களவையில் நூறு பேரோ மாநிலங்களவையில் ஐம்பது பேரோ கையெழுத்திட்ட தீர்மானம் வேண்டும். பின்னர் 1968-ஆம் ஆண்டு விசாரணைச் சட்டத்தின்படி மூவர் குழு ஆராய வேண்டும். அதன் பின்னும் ஒவ்வொரு சபையிலும், மொத்த உறுப்பினருள் பெரும்பான்மையோரும் வந்திருந்து வாக்களித்தோருள் மூன்றில் இரு பங்கினரும் ஆதரிக்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாயிருந்து, பஞ்சாப்–ஹரியானா தலைமை நீதிபதியாகி, உச்ச நீதிமன்றத்தை அடைந்த வி. ராமசாமியின்மீது, பஞ்சாப் காலத்துச் செலவினங்கள் குறித்து இந்த வழியில் விசாரணை நடந்தது, நீதிபதி பி.பி. சாவந்த் தலைமையில் அமைந்த குழு அவர்மீதான குற்றச்சாட்டுக்களுட் பலவற்றை நிரூபிக்கப்பட்டவை என்று கண்டது. 1993 மே மாதத்தில் மக்களவையில் வாக்கெடுப்பு நடந்தபொழுது 196 பேர் தீர்மானத்தை ஆதரித்தனர். எதிர்த்து ஒருவரும் வாக்களிக்கவில்லை. ஆயினும் ஆளுங்கட்சியினர் வாக்களியாது ஒதுங்கியிருந்தமையால் தீர்மானம் வீழ்ந்தது. நீதிபதியின் நடத்தை பற்றிய வினா, கட்சிகளின் கணக்கால் விடை பெற்றது.

நான்காவது பாடம் வேறு வகையானது. சென்னையிலிருந்து கல்கத்தாவுக்கு மாற்றப்பட்ட நீதிபதி சி.எஸ். கர்ணன், சக நீதிபதிகள்மீது ஊழல் குற்றஞ்சாட்டிக் கடிதங்கள் எழுதியதன் தொடர்ச்சியாக எழுந்த நீதிமன்ற அவமதிப்பு வழக்கில், 2017 மே 9-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அவருக்கு ஆறு மாதச் சிறைத் தண்டனை விதித்தது. பதவியிலிருக்கும் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் அவ்வாறு தண்டிக்கப்பட்டது அதுவே முதன்முறை. அவர் நடத்தை சரியென்று நான் கூறவில்லை. ஒருபுறம் எளிதில் அசைக்க இயலாத பதவி நீக்கத் தீர்மானம், மறுபுறம் நீதிமன்றமே வாதியும் நீதிபதியுமாக நிற்கும் அவமதிப்பு வழக்கு என்னும் இரண்டுக்கும் இடையே, எச்சரிப்பதற்கோ, திருத்துவதற்கோ, குற்றமற்றவராயின் பகிரங்கமாக விடுவிப்பதற்கோ சட்டம் வகுத்த பாதை நம்மிடம் இல்லை என்பதே நான் சுட்டிக் காட்ட விரும்பும் குறை.

இந்த இடைவெளியை நீதிபதிகள் தாமே ஒருவாறு நிரப்ப முயன்றனர். 1997-இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் கூடித் தங்கள் வாழ்க்கை நெறிகளைத் தீர்மானமாக வகுத்துக்கொண்டனர். 1999-இல் உள்விசாரணை முறையொன்றையும் ஏற்றனர். தகவல் அறியும் உரிமைச் சட்டம் இந்தியத் தலைமை நீதிபதியின் அலுவலகத்துக்கும் பொருந்தும் என்று 2019 நவம்பர் 13-ஆம் நாள் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. 2025-இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் தம் சொத்து விவரங்களை யாவரும் காணுமாறு வெளியிட்டனர். இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் நல்லெண்ணம் ஆளுக்கு ஆள், காலத்துக்குக் காலம் மாறும். சட்டத்தின் வாயிலாக இதற்கு நிலையான உருவம் கொடுக்க வந்த நீதித்துறைத் தரங்கள், பொறுப்புடைமை பற்றிய மசோதா, 2012-இல் மக்களவையில் நிறைவேறியும், மேலே செல்லாமல் அந்த அவையின் ஆயுளோடு காலாவதியாயிற்று.

குடிமகன் சந்திக்கும் நீதிபதி

இதுகாறும் கூறியவை உயர்ந்த பீடங்களைப் பற்றியவை. பல்லாவரத்தில் வாழும் ஒருவர், பட்டாவுக்காகவோ, பாகப்பிரிவினைக்காகவோ, ஜீவனாம்சத்துக்காகவோ, காசோலை வழக்குக்காகவோ, தாம்பரத்துக்கும் செங்கற்பட்டுக்கும் அலைந்து வாய்தாவுக்கு மேல் வாய்தா வாங்கும் பொழுது, அவருக்கு நீதி என்பது கீழ்நிலை நீதிமன்றத்தின் மேடையில் அமர்ந்திருக்கும் ஒரு மனிதரே. அந்த மேடையில் பொறுப்புணர்ச்சி தளர்ந்தால் என்ன நேரும், தளராதிருந்தால் என்ன நேரும் என்ற இரண்டையும் ஒரே நிகழ்ச்சியில் நமக்குக் காட்டியது சாத்தான்குளம்.

2020 ஜூன் 19-ஆம் நாள், ஊரடங்கு நேரத்தைக் கடந்து கடையைத் திறந்து வைத்திருந்தனர் என்று கூறி, ஜெயராஜ் என்ற வணிகரும் அவர் மகன் பென்னிக்ஸும் சாத்தான்குளம் காவல் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்டனர். மறுநாள் நீதித்துறை நடுவரின் உத்தரவு பெற்றுக் கோவில்பட்டிக் கிளைச் சிறையில் அடைக்கப்பட்டனர். 22-ஆம் நாள் இரவு மகனும், 23-ஆம் நாள் காலை தந்தையும் இறந்தனர். கைதான எவரையும் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்று அரசியல் சாசனத்தின் 22-ஆம் பிரிவு கட்டளையிடுவதன் நோக்கம் ஒரு தாளில் கையெழுத்து வாங்குவதன்று; காவலர் அல்லாத ஒருவர், கைதானவனை நேரில் கண்டு, உடம்பில் காயமுண்டா, அடித்தார்களா, வழக்கறிஞர் உண்டா என்று கேட்க வேண்டும் என்பதே. அந்த இருவரும் அவ்வாறு கண்டு கேட்கப்படாமலே சிறைக்கு அனுப்பப்பட்டனர் என்ற குற்றச்சாட்டு எழுந்து நாட்டையே உலுக்கிற்று.

அதே நிகழ்ச்சியின் மறுபாதியையும் நாம் மறத்தலாகாது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாகவே இவ்வழக்கைக் கையில் எடுத்தது. கோவில்பட்டி நடுவர் எம்.எஸ். பாரதிதாசன் விசாரணைக்காக அக்காவல் நிலையத்துக்குச் சென்றார்; அங்கே காவலர் சிலருடைய ஒத்துழையாமையையும் அவமதிப்பையும் தாங்கி, அவ்விருவரும் கைதான இரவு பணியிலிருந்த பெண் தலைமைக் காவலரின் சாட்சியத்தைப் பதிவு செய்து, நடந்ததை நடந்தவாறே உயர் நீதிமன்றத்துக்கு எழுதினார். அதன்மேல் உயர் நீதிமன்றம் அக்காவல் நிலையத்தை வருவாய்த் துறையின் பொறுப்பில் வைக்க உத்தரவிட்டது. சட்டம் ஒன்றே, பதவியும் ஒன்றே. அவற்றுக்கு உயிர் கொடுப்பது அப்பதவியில் இருப்பவருடைய கடமையுணர்ச்சி. அந்த உணர்ச்சியை ஒருவருடைய இயற்கைக் குணத்துக்கு மட்டும் விட்டுவிடாமல், நடுவர் ஒவ்வொருவரும் தாம் கண்டதையும் கேட்டதையும் எழுதி வைத்தே தீர வேண்டும் என்றும், அவ்வெழுத்தை மேல்நீதிமன்றம் பரிசோதித்தே தீர வேண்டும் என்றும் செய்வதே பொறுப்புடைமை.

தீர்ப்புச் சொன்னவுடன் நீதிமன்றத்தின் கடமை முடிந்துவிடுவதும் இல்லை. தோல் பதனிடும் தொழிலோடு நெடுங்காலம் வாழ்ந்த குரோம்பேட்டை, பல்லாவரத்தாருக்கு இதனை விரித்துரைக்க வேண்டா. பாலாற்றங்கரைத் தோல் ஆலைகளின் கழிவால் நிலமும் நீரும் கெட்டதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28-ஆம் நாள், மாசுபடுத்தியவரே இழப்பை ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக்கிற்று. எனினும், இழப்பீடும் நிலச் சீரமைப்பும் நிறைவேறுவதைக் கண்காணிக்க மீண்டும் ஒரு குழுவை நியமித்து 2025 ஜனவரி 30-ஆம் நாள் அதே நீதிமன்றம் உத்தரவிட நேர்ந்தது. ஒரு தலைமுறை கழிந்த பின்னும் ஏட்டிலே நிற்கும் தீர்ப்பு, குடிமகனுக்குத் தீர்ப்பாகாது.

கேட்கும் உரிமை

இனி, நாம் செய்யக்கூடியது என்ன என்ற பகுதிக்கு வருகிறேன். முதற்கண் ஒரு பேதத்தை மனத்தில் தெளிவாக நிறுத்திக்கொள்ள வேண்டும். தீர்ப்புத் தவறானால் பரிகாரம் மேல்முறையீடு. நடத்தை தவறானால் பரிகாரம் புகாரும் விசாரணையும். தமக்குப் பாதகமாகத் தீர்ப்பளித்தவர் என்ற ஒன்றையே காரணமாக்கி நீதிபதியின்மீது புகார் எழுதுவோரும், தமக்குப் பிடியாத தீர்ப்பளித்தவரை அச்சுறுத்த முயல்வோரும், பொறுப்புடைமைக்குத் தொண்டு செய்பவர் அல்லர். அஞ்சிய நீதிபதியால் முதலில் கெடுபவன் எளியவனே. அதே சமயம், தீர்ப்பை விமர்சிப்பது குற்றம் என்றெண்ணி வாய்மூடியிருப்பதும் குடிமகனுக்கு அழகன்று. முடிவுற்ற வழக்கின் தீர்ப்பை நியாயமாக விமர்சிப்பது அவமதிப்பு ஆகாது என்று 1971-ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டமே கூறுகிறது; பொது நன்மைக்காக நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்ட உண்மையை எதிர்வாதமாக ஏற்கலாம் என்று 2006-ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்தது.

இரண்டாவதாக, நீதிமன்றம் குடிமகனுக்குக் காட்ட வேண்டிய கணக்கு எது என்பதை அவன் அறிந்திருக்க வேண்டும். காரணம் கூறும் தீர்ப்பே அந்தக் கணக்கு. சிறைத்தண்டனை பெற்றவனுக்குத் தீர்ப்பின் நகல் உடனே இலவசமாகத் தரப்பட வேண்டும். வழக்கின் தரப்பினர் எவரும் மனுச் செய்து சான்றிட்ட நகல் பெறலாம். விசாரணை திறந்த மன்றத்தில் நடக்க வேண்டும் என்பது பொது விதியாதலால், எந்தக் குடிமகனும் உள்ளே சென்று அமர்ந்து கேட்கலாம். வாதங்கள் முடிந்த பின் உயர் நீதிமன்றத்தில் தீர்ப்பு மூன்று மாதங்கள் வாராதிருந்தால் விரைவில் வழங்குமாறு மனுச் செய்யலாம் என்றும், ஆறு மாதங்கள் கடந்தால் வேறு அமர்வுக்கு மாற்றுமாறு தலைமை நீதிபதியை வேண்டலாம் என்றும், 2001-இல் அனில் ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியிருக்கிறது. ஆண்டுக்கணக்கில் காத்திருப்போருள் எத்தனை பேர் இவ்வாறு ஒரு மனு உண்டென்று கேள்விப்பட்டிருப்பர்!

மூன்றாவதாக, பொருளில்லை என்பதற்காக எவரும் தேவசோமாவைப் போல் வழக்கைக் கைவிட வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி, பெண்கள், சிறுவர்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழில்துறைத் தொழிலாளர்கள், மாற்றுத் திறனாளிகள், காவலில் இருப்போர் ஆகியோர் தம் வருமானத்தைக் காட்ட வேண்டாமலே இலவசமாக வழக்கறிஞரைப் பெறும் உரிமையுடையவர்; நீதிமன்ற வளாகங்களில் இயங்கும் வட்டச் சட்டப் பணிகள் குழுவினிடம் ஒரு மனு எழுதித் தருவதே அதற்கு வேண்டிய முயற்சி.

நான்காவதாக, மொழி. நம் மாநிலத்துக் கீழ்நிலை நீதிமன்றங்களில் தமிழ் நீதிமன்ற மொழியாக இருக்கிறது. உயர் நீதிமன்றத்திலும் தமிழைப் பயன்படுத்த வேண்டுமென்று 2006-இல் சட்டமன்றம் தீர்மானம் இயற்றியும் அது இன்னும் கைகூடவில்லை. தன் உயிரையும் உடைமையையும் பற்றிய காரணங்களைத் தானே படித்தறிய இயலாதவனுக்கு, அக்காரணங்கள் எத்தனை சிறந்தவையாயினும், கணக்குக் கூறப்பட்டதாக நான் ஒப்பமாட்டேன்.

வேண்டுவன

என் அபிப்பிராயத்தைச் சுருங்கக் கூறி முடிக்கிறேன். நீதிபதிகளின் நடத்தை பற்றிய புகாரை ஏற்று ஆராய, அரசாங்கத்தின் பிடியிலும் இல்லாமல், நீதிபதிகளின் வட்டத்துக்குள் மட்டும் அடங்கியும் இராமல், நிரந்தரமான ஒரு குழு சட்டத்தால் அமைக்கப்பட வேண்டும். எச்சரிக்கை முதல் பதவி நீக்கப் பரிந்துரை வரை படிப்படியான பரிகாரங்கள் அதன் கையில் இருக்க வேண்டும். புகாரின் முடிவும் அதற்குரிய காரணமும் புகார் செய்தவருக்கு எழுத்தில் அறிவிக்கப்பட வேண்டும். குற்றமற்றவர் எனக் காணப்பட்ட நீதிபதியின் நற்பெயர் அதே போல் பகிரங்கமாக நிலைநாட்டப்பட வேண்டும்.

சட்டம் வரும் நாள் நம் கையில் இல்லை. கேட்பது நம் கையில் இருக்கிறது. இங்கே அமர்ந்திருக்கும் சட்ட மாணவர்களும் ஓய்வுபெற்ற பெரியோர்களும் ஒன்று கூடி, வழக்குக்காகச் செல்லும் அயலாருக்கு நகல் மனு எழுதித் தரவும், சட்டப் பணிகள் குழுவுக்கு வழிகாட்டவும், வாரம் ஒரு நாள் நீதிமன்றத்தில் சென்று அமர்ந்து விசாரணையைக் கவனித்து வரவும் முற்படுவீர்களாயின், அது எந்தச் சட்டத் திருத்தத்துக்கும் காத்திருக்க வேண்டாத தொண்டாகும். கவனிக்கும் கண்கள் முன்னே இருக்கும் மன்றத்தில் நல்ல நீதிபதிக்குத் துணை கிடைக்கும். சோர்ந்தவருக்குக் கடமை நினைவு வரும். தம் சொத்தை அறிந்து, அதற்குக் கணக்குக் கேட்கத் தெரிந்த குடிமக்கள் உள்ள ஊரிலேதான் நீதிபதியும் மெய்யாகவே சுதந்திரமாக இருக்க முடியும்.